அரை ஆட்டத்தின் விலை: முன்கணிப்புச் சந்தைகளும் வன்னி இளையோரும்

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 2026ஆம் ஆண்டு ஜனவரி மாத நடுப்பகுதியில் சமஷ்டி வழக்குத்தொடுநர்கள் ஒரு குற்றப்பத்திரிகையை வெளியிட்டனர். கல்லூரிக் கூடைப்பந்தாட்டப் போட்டிகளில் வீரர்களுக்குக் கையூட்டு வழங்கி, ஆட்டத்தின் போக்கை முன்கூட்டியே தீர்மானித்து, அதன்மேல் பந்தயம் கட்டிப் பணம் பார்த்தனர் என்று 26 பேர்மீது அதிற் குற்றஞ்சாட்டப்பட்டது. 17இற்கும் மேற்பட்ட கல்லூரி அணிகளைச் சேர்ந்த 39இற்கும் அதிகமான வீரர்கள் இந்த வலையிற் சம்பந்தப்பட்டிருந்தனர் என்பது வழக்குத்தொடுநர்களின் கூற்றாகும். ஓர் ஆட்டத்துக்கு 10,000 முதல் 30,000 டொலர் வரை கைமாறியதாகவும் கூறப்பட்டது. குற்றச்சாட்டு வேறு, தீர்ப்பு வேறு என்பதை நாம் மறந்துவிடலாகாது. ஆயினும் அந்தக் குற்றப்பத்திரிகையில் ஒரு விடயம் எமது கவனத்தை ஈர்க்கின்றது. பந்தயங்களிற் பல முழு ஆட்டத்தின் முடிவின்மேல் அன்றி, முதற்பாதி ஆட்டத்தின் முடிவின்மேல் கட்டப்பட்டிருந்தன.

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ கூடைப்பந்தாட்டம் அதிகம் ஆடப்படுவதில்லை. எமது பிள்ளைகள் கரப்பந்தும் வலைப்பந்தும் உதைபந்தும் ஆடுகின்றனர். கிரிக்கெட்டைக் கண்விழித்துப் பார்க்கின்றனர். கடல்கடந்த ஒரு நாட்டின் கல்லூரி மைதானத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் சூதைப் பற்றி வன்னி மண்ணில் இருந்துகொண்டு நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அந்தக் கேள்வி நியாயமானதே. அதற்கான விடை, இன்று பந்தயம் எடுத்துள்ள புதிய வேடத்திலும், அந்த வேடம் கைத்தொலைபேசி வழியாக எந்தக் குக்கிராமத்துக்கும் வந்துசேரக்கூடியது என்பதிலும் தங்கியிருக்கின்றது.

அந்தப் புதிய வேடத்தின் பெயர் முன்கணிப்புச் சந்தை என்பதாகும். அதன் இயங்குமுறை எளிமையானது. ஒரு நிகழ்வு நடக்குமா, நடக்காதா என்ற கேள்வியின்மேல் ஒப்பந்தம் ஒன்று விற்பனைக்கு விடப்படுகின்றது. நிகழ்வு நடந்தால் அந்த ஒப்பந்தத்தை வைத்திருப்பவருக்கு ஒரு டொலர் கிடைக்கும். நடக்காவிட்டால் ஒன்றும் கிடையாது. ஒப்பந்தத்தின் விலை 62 சதமாக இருப்பின், அந்நிகழ்வு நடப்பதற்கு நூற்றுக்கு 62 வீத வாய்ப்பு இருப்பதாகச் சந்தை கருதுகின்றது என்பது பொருள். இங்கே புக்கி என்று ஒருவர் இல்லை. வாங்குபவரும் விற்பவரும் பங்குச் சந்தையிற்போல ஒருவரோடொருவர் கொடுக்கல் வாங்கல் செய்கின்றனர். நிறுவனம் இடையில் நின்று கட்டணம் அறவிடுகின்றது.

இத்தகைய சந்தைகளுக்குக் கல்விசார்ந்த ஒரு தொடக்கம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. 1988ஆம் ஆண்டு அயோவா பல்கலைக்கழகத்தினர் தேர்தல் முடிவுகளை முன்னறிவதற்காகச் சிறுதொகைப் பணத்துடன் இத்தகைய சந்தையொன்றைத் தொடங்கினர். பலரது சிதறிய அறிவை ஒரே விலையிற் திரட்டித் தரும் ஆற்றல் சந்தைக்கு உண்டு என்பதே அதன் அடிப்படைக் கருத்தாகும். ஆனால், 2018ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்தின் மீதான சமஷ்டித் தடையை நீக்கிய பின்னர் நிலைமை மாறியது. மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பந்தயத்தை அனுமதித்தன. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து கல்ஷி போன்ற நிறுவனங்கள் விளையாட்டுப் போட்டிகளின்மேலும் ஒப்பந்தங்களை விற்கத் தலைப்பட்டன. இவை பந்தயம் அல்ல, நிதிச் சந்தை ஒப்பந்தங்களே, ஆகவே மாநிலச் சூதாட்டச் சட்டங்கள் எம்மைக் கட்டுப்படுத்தா என்பது அவற்றின் வாதமாகும். இதனை எதிர்த்துப் பல மாநிலங்கள் நீதிமன்றப் படிகளில் ஏறின. 2025இல் வெளிவந்த தீர்ப்புகள் ஒன்றுக்கொன்று முரணாக அமைந்தன.

பிலடெல்பியா வழக்கிற் கூறப்படும் பந்தயங்கள் பந்தய நிறுவனங்களிற் கட்டப்பட்டவை. முன்கணிப்புச் சந்தைகளின்மேல் அந்தப் பழி சுமத்தப்படவில்லை. நியாயம் கருதி இதனைக் குறிப்பிடுகின்றோம். ஆயினும் அதே ஜனவரி மாதத்தில், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிருவகிக்கும் தேசிய சங்கத்தின் தலைவர், தகுந்த பாதுகாப்பு ஏற்பாடுகள் செய்யப்படும்வரை கல்லூரிப் போட்டிகள் மீதான முன்கணிப்பு ஒப்பந்தங்களை நிறுத்திவைக்குமாறு அந்நாட்டின் பண்டச் சந்தை ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவைக் கேட்டுக்கொண்டார். பெயர் எதுவாயினும், ஒரு மாணவனின் ஆட்டத்தின்மேல் அந்நியர்கள் பணம் வைக்கின்றனர் என்ற உண்மை மாறுவதில்லை என்பதை அவர் உணர்ந்திருக்க வேண்டும்.

முதற்பாதி ஆட்டம் ஏன் சூதாடிகளின் விருப்பத்துக்குரியதாகின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும். அமெரிக்கக் கல்லூரி ஆடவர் கூடைப்பந்தாட்டம் 20 நிமிடங்கள் கொண்ட இரு பாதிகளாக ஆடப்படுகின்றது. முழு ஆட்டத்தையும் தோற்பதற்கு ஒரு வீரன் இணங்குவது கடினம். பயிற்றுநர் சந்தேகிப்பார், சக வீரர்கள் வெறுப்பர், மனச்சாட்சியும் உறுத்தும். முதல் 20 நிமிடங்களில் மட்டும் இரண்டு பந்துகளைத் தவறவிடு, பின்னர் உன் விருப்பம்போல் ஆடி வெற்றி பெறு என்று கேட்டாலோ, அவனுக்கு அது துரோகமாகவே தோன்றாமற் போகலாம். அணியும் வெல்லும், பணமும் கிடைக்கும் என்ற மயக்கம் அங்கே பிறக்கின்றது. ஆட்டம் எவ்வளவுக்குச் சிறு கூறுகளாக அறுத்து விற்கப்படுகின்றதோ, அவ்வளவுக்கு அதனைக் கெடுப்பதும் எளிதாகின்றது. கிரிக்கெட்டில் ஒரு பந்து, ஓர் ஓவர் எனப் பந்தயம் கட்டப்பட்ட காலம் முதல் உலகம் கற்றுவந்த பாடம் இதுவே.

இன்னொரு விடயமும் உண்டு. கையூட்டுக்கு இலக்காக்கப்பட்டவர்கள் பெரும் புகழும் பெரும் வருமானமும் பெற்ற வீரர்கள் அல்லர். கையூட்டுத் தொகை எவருக்குப் பெரிதாகத் தோன்றுமோ அத்தகையவர்களையே தரகர்கள் தேடிச் சென்றனர் என்று வழக்குத்தொடுநர்கள் கூறுகின்றனர். சூதின் தரகன் எப்போதும் தேவையுள்ளவனின் வாசலையே தட்டுகின்றான். இந்த இடத்திற்றான் பிலடெல்பியாவுக்கும் பரந்தனுக்கும் இடையிலான தூரம் சுருங்கிவிடுகின்றது.

வன்னிப் பெருநிலப்பரப்பின் தேவை எத்தகையது என்பதைப் புள்ளிவிபரங்களே சொல்லும். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2016ஆம் ஆண்டுக் கணிப்பின்படி நாட்டின் வறுமை வீதம் 4.1 ஆக இருந்தபோது கிளிநொச்சி மாவட்டத்தில் அது 18.2 ஆக இருந்தது. வறுமைக்கோடு திருத்தியமைக்கப்பட்ட பின்னர் 2019ஆம் ஆண்டுத் தரவுகள் நாட்டின் வீதத்தை 14.3 என்றும் முல்லைத்தீவின் வீதத்தை 44.5 என்றும் காட்டின. இரு தடவைகளிலும் நாட்டின் அதிவறிய மாவட்டம் வன்னியிலேயே இருந்தது. 2022இன் பொருளாதார வீழ்ச்சிக்கு முன்னைய கணக்கே இது என்பதையும் வாசகர்கள் கவனத்திற் கொள்ளவேண்டும்.

2009 மே மாதத்தில் போர் முடிவுற்றபோது கையில் எதுவுமின்றி முகாம்களுக்குச் சென்ற தமிழ் மக்களும், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு ஆண்டுக்கணக்கில் புத்தளத்தில் அகதிகளாய் வாழ்ந்து பின்னர் ஊர் திரும்பிய முஸ்லிம் மக்களும் வாழ்வை மீண்டும் தொடங்கியது ஏறத்தாழப் பூச்சியத்திலிருந்தேயாகும். அவர்களை முதலில் தேடிவந்தது நுண்கடன். வாராந்தம் வாசலுக்கு வந்து தவணை அறவிடும் அந்த முறை எத்தனை குடும்பங்களை நிலைகுலையச் செய்தது என்பதை நாம் விபரிக்க வேண்டியதில்லை. நிலைமை முற்றியதனாற்றான் 2018இல் அரசாங்கம் வரட்சியாற் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்கவும், வட்டிக்கு 35 வீத உச்சவரம்பு விதிக்கவும் நேர்ந்தது. கடனைச் சுயதொழில் என்றும் மேம்பாடு என்றும் பெயர் சூட்டி விற்றனர். இன்று பந்தயத்தை முதலீடு என்றும் வியாபாரம் என்றும் பெயர் சூட்டி விற்கின்றனர். பெயரை நம்பி ஏமாந்த அனுபவம் எமக்கு ஏற்கெனவே உண்டு.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழக்கூடும். எதிர்காலத்தின்மேல் ஒப்பந்தம் செய்வதெல்லாம் சூதாகுமா? அவ்வாறு கூறுவது தவறாகும். இரணைமடுக் குளத்தின்கீழ் காலபோகம் விதைக்கும் விவசாயியை எடுத்துக்கொள்வோம். அறுவடைக் காலத்தில் நெல் சந்தையில் குவிந்து விலை வீழ்கின்றது. இதற்கஞ்சி, இன்ன மாதத்தில் இன்ன விலைக்கு இத்தனை மூடை நெல் தருவேன் என்று அவர் முன்கூட்டியே ஓர் ஆலையுடன் உடன்படிக்கை செய்தால் அது சூதன்று. அவருக்கு ஏற்கெனவே உள்ள இடரை அது குறைக்கின்றது. இஸ்லாமிய வணிக நெறியிலும் விளைச்சலுக்கு முன்னரே விலையைக் கொடுத்து, அளவு, தரம், கையளிக்கும் நாள் ஆகியவற்றை வரையறுத்துக்கொள்ளும் ஸலம் என்னும் உடன்படிக்கை அனுமதிக்கப்பட்டுள்ளது. அதே நெறி மைஸிர் எனப்படும் சூதாட்டத்தை விலக்குகின்றது.

இரண்டுக்குமிடையிலான வேறுபாடு தெளிவானது. நெல் உடன்படிக்கையின் இறுதியில் நெல் இருக்கின்றது. விதைத்தவனும் உண்பவனும் இருக்கின்றனர். ஒரு கல்லூரி அணி முதற்பாதியில் முன்னிலை வகிக்குமா என்ற ஒப்பந்தத்தை வாங்குபவருக்கு அந்த முடிவினால் முன்னர் எந்த இடரும் இருந்ததில்லை. பணத்தை வைத்தபின்னரே இடர் பிறக்கின்றது. இல்லாத இடரை உண்டாக்கி அதனை விற்பதற்குச் சந்தை என்ற பெயர் பொருந்துமாயினும் அதன் குணம் சூதின் குணமே என்பது எமது கருத்தாகும்.

எமது இரு சமூகங்களின் அறநூல்களும் இதில் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. வள்ளுவர் 93ஆம் அதிகாரத்திற் கள்ளைக் கடிந்து, அடுத்த 94ஆம் அதிகாரத்தில் சூதைக் கடிந்தார். திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் மதுவையும் சூதாட்டத்தையும் ஒரே வசனத்தில் இணைத்து விலக்குகின்றது. இரண்டு நூல்களும் இவ்விரண்டையும் அருகருகே வைத்தமை நினைத்துப் பார்க்கத்தக்கது. முதல் முறை விருப்பத்தாலும் பின்னர் பழக்கத்தாலும் மனிதனைப் பிடித்துக்கொள்ளும் தன்மை இரண்டுக்கும் பொதுவானது. இழந்ததை மீட்க மீண்டும் ஆடுவது என்ற பொறியிற்றான் தருமனும் வீழ்ந்தான்.

அந்தப் பொறியின் கணக்கை இளையோருக்குச் சொல்லிக்கொடுத்தல் நலம். பத்துப் பேர் ஆளுக்கு ஆயிரம் ரூபா வைத்து ஆடுகின்றனர் எனக் கொள்வோம். மொத்தம் பத்தாயிரம் ரூபா. சுற்றுக்கு 3 வீதம் மட்டுமே கட்டணமாகக் கழிக்கப்படுகின்றது எனவும், எஞ்சிய தொகை முழுவதும் அடுத்த சுற்றில் வைக்கப்படுகின்றது எனவும் கொள்வோம். 20 சுற்றுகள் முடிகையில் அந்தப் பத்துப் பேரிடமும் சேர்த்து எஞ்சியிருப்பது ஏறத்தாழ 5,400 ரூபாவாகும். யார் வென்றார், யார் தோற்றார் என்பது வேறு கதை. கூட்டாக அனைவரும் பாதியளவை இழந்துவிட்டனர். முதற்பாதி முடிவு போன்ற குறுகியநேர ஒப்பந்தங்களின் ஆபத்தும் இதிலேயே உள்ளது. ஆட்டம் முடியும்வரை காத்திராமல் அரை மணித்தியாலத்தில் முடிவு தெரிந்துவிடும். உடனே அடுத்ததில் பணத்தை வைக்கலாம். ஒரே இரவிற் பல சுற்றுகள் கடந்துவிடும். எதிர்ப்பக்கத்தில் நிற்பவரும் எம்மைப் போன்ற இரசிகராகவே இருப்பார் என்று எண்ணுவதற்கில்லை. இச்சந்தைகளில் கணினிகளுடனும் கணித வல்லுநர்களுடனும் பெரும் நிதி நிறுவனங்கள் இறங்கியுள்ளன. வோல் ஸ்ரீட்டில் வணிகம் செய்யும் சஸ்குவெஹானா குழுமம் 2024இலேயே கல்ஷி சந்தையில் ஈடுபடத் தொடங்கியது. கூலிவேலை செய்து சேர்த்த பணத்துடன் அத்தகையோர் எதிரில் அமர்வது சமமான ஆட்டமாகாது.

எமது நாட்டின் சட்டநிலையைப் பார்ப்போம். சேவற்சண்டையையும் சூதாட்டக் கூடங்களையும் கருத்திற்கொண்டு 1889இல் இயற்றப்பட்ட சூதாட்டக் கட்டளைச் சட்டம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வழக்கில் இருந்தது. 1988இல் பந்தய மற்றும் சூதாட்ட வரிச் சட்டமும், 2010இல் கசினோ தொழில் ஒழுங்குபடுத்தற் சட்டமும் வந்தன. 2019 நவம்பரில் நிறைவேற்றப்பட்ட விளையாட்டுடன் தொடர்புடைய குற்றங்களைத் தடுக்கும் சட்டம் ஆட்ட நிர்ணயத்தைக் குற்றவியற் குற்றமாக்கியது. பத்தாண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்க அது இடமளிக்கின்றது. தென்னாசியாவில் இத்தகைய சட்டத்தை முதலில் இயற்றிய நாடு இலங்கையே. 2025இல் நாடாளுமன்றம் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையை அமைப்பதற்கான சட்டத்தை நிறைவேற்றியது. இணையவழிச் சூதாட்டமும் அதன் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டது.

சட்டம் வெறும் ஏட்டளவில் நிற்கவில்லை என்பதும் உண்மையே. 2023 செப்டெம்பரில் முன்னாள் தேசிய கிரிக்கெட் வீரர் ஒருவர் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கைது செய்யப்பட்டார். 2024 மே மாதத்தில் லங்கா பிரீமியர் லீக் அணியொன்றின் உரிமையாளரும், அதே ஆண்டு டிசெம்பரில் லங்கா ரி-10 போட்டியின்போது இன்னோர் அணி உரிமையாளரும் ஆட்ட நிர்ணயக் குற்றச்சாட்டிற் கைதாயினர். யாழ்ப்பாணத்தின் பெயர்தாங்கிய அணி 2020 முதல் 2024 வரை நான்கு தடவைகள் கிண்ணம் வென்ற அதே லீக் போட்டியில், வடக்கின் இளையோர் தம் சொந்த அணி என்று கொண்டாடிய அதே அரங்கில், தரகர்களும் நடமாடினர் என்ற சந்தேகம் எழுந்தமை எமக்கு வேதனை அளிக்கின்றது.

அயல்நாடான இந்தியா வேறொரு வழியை நாடியது. தமிழ்நாடு அரசு 2022இல் இணையவழிச் சூதாட்டத்தைத் தடைசெய்யும் சட்டத்தைக் கொண்டுவந்தது. கடனில் மூழ்கியோரின் தற்கொலைகள் அதற்கான காரணங்களில் ஒன்றாக எடுத்துரைக்கப்பட்டன. 2025 ஆகஸ்டில் இந்திய மத்திய அரசு பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் நாடு தழுவிய ரீதியில் தடைசெய்தது. விளம்பரமும் பணப்பரிமாற்றமும் அந்தத் தடைக்குள் அடக்கப்பட்டன. இலங்கை தடையை விட்டு ஒழுங்குபடுத்தலைத் தெரிந்துள்ளது. இதற்கு ஒரு நியாயம் உண்டு. தடைசெய்யப்பட்டது மறைவிற் தழைக்கும் என்பது கசிப்பின் வரலாறு சொல்லும் பாடம். ஆனால் கடன்சுமையில் உள்ள ஓர் அரசு சூதாட்டத்தை வருமான வழியாகக் காணத் தலைப்படுமாயின், கட்டுப்படுத்த வேண்டிய கையே ஊக்குவிக்கும் கையாக மாறிவிடும் அபாயமும் உண்டு. கொழும்பின் ஆடம்பரக் கசினோக்கள் தரும் வரியைக் கணக்கிடுவோர், புதுக்குடியிருப்பில் அடகுக்குப் போகும் தாலிக்கொடியையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முன்கணிப்புச் சந்தை நிறுவனங்கள் வன்னியிற் கடைவிரித்துவிட்டன என்று நாம் கூற வரவில்லை. வரும் முன்னர் காப்பதே அறிவுடைமை என்கின்றோம். நுண்கடன் விடயத்தில் வந்தபின் அழுதோம். அந்தத் தவறு மீண்டும் நிகழலாகாது.

ஆகவே சில விடயங்களை வலியுறுத்த விரும்புகின்றோம். முதலாவதாக, 2025ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஆக்கப்படும் ஒழுங்குவிதிகள், பந்தயம் என்ற சொல்லோடு நின்றுவிடாது, நிகழ்வொன்றின் முடிவின்மேல் விற்கப்படும் ஒப்பந்தங்களையும் பெயர் குறிப்பிட்டு உள்ளடக்க வேண்டும். நிதி ஒப்பந்தம் என்ற திரையின் பின்னால் ஒளிந்துகொள்ள இடமளிக்கலாகாது. இரண்டாவதாக, பாடசாலை, பல்கலைக்கழகப் போட்டிகள்மேல் எவ்வகையான பந்தயமும் ஒப்பந்தமும் கூடாது என்ற தெளிவான தடை வேண்டும். மூன்றாவதாக, எச்சரிக்கை அறிவித்தல்களும் முறைப்பாட்டுப் படிவங்களும் தமிழ்மொழியில் கிடைக்க வேண்டும். கொழும்பில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் இயங்கும் பாதுகாப்பு ஒட்டுசுட்டானில் உள்ளவருக்குப் பாதுகாப்பாகாது.

நான்காவது விடயம் எமது கையிலேயே உள்ளது. மாவட்டப் போட்டிகளுக்கு அணிகளைத் தயார்படுத்தும் உடற்கல்வி ஆசிரியர்களும் விளையாட்டுக் கழகங்களும் ஆட்ட நிர்ணயம் என்றால் என்ன, அதற்கு என்ன தண்டனை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். முதற்பாதியில் மட்டும்தானே என்று ஒருவன் அணுகினால் யாரிடம் சென்று முறையிடுவது என்பதும் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆலய பரிபாலன சபைகளும் பள்ளிவாசல் நிருவாகங்களும் இதனை ஓர் ஒழுக்கப் பிரசங்கமாக மட்டும் கொள்ளாது, கடனிற் சிக்கிய இளைஞன் வெட்கமின்றி வந்து உண்மையைச் சொல்லக்கூடிய இடங்களாகத் தம்மை ஆக்கிக்கொள்ள வேண்டும். சூதில் தோற்றவனைக் கொல்வது பெரும்பாலும் இழந்த பணமன்று; வீட்டாரிடம் சொல்ல முடியாத தனிமையே. புலம்பெயர்ந்த உறவுகளும் தாம் அனுப்பும் பணம் எதற்குச் செலவாகின்றது என்று அன்போடு ஒரு வார்த்தை கேட்டுவைத்தல் தவறாகாது.

மாலை வேளைகளில் வன்னியின் ஊர்ச் சனசமூக நிலைய முன்றல்களில் கரப்பந்து வலை கட்டி இளைஞர்கள் ஆடுவதை இன்றும் காணலாம். தோற்ற அணி சோடா வாங்கிக் கொடுப்பதுடன் அங்கே கணக்குத் தீர்ந்துவிடுகின்றது. அந்த ஆட்டத்தின் முதற்பாதிக்கு எவரும் விலை குறிக்காதவரை அது அவர்களுடைய ஆட்டமாகவே இருக்கும். அந்நிலையைப் பேணும் பொறுப்பு சட்டம் இயற்றுவோருக்கு எவ்வளவு உண்டோ, அந்த வலையைச் சுற்றி நிற்கும் எமக்கும் அவ்வளவு உண்டு.